பழைய பொம்மைகளுக்குப் புதிய போர்க்களம்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஃபேன்டசி வார்கேம் ஆடுகிறோம்; மேசையில் சிறு பொம்மைப் படைகளை நிறுத்தி டைஸ் உருட்டி ஆடும் கற்பனைப் போர். இருவரிடம் கவசம் போட்ட மனித வீரர்கள், ஒருவரிடம் குள்ளர் படை, ஒருவரிடம் ஆர்க் என்ற முரட்டு அரக்கர் படை, ஒருவரிடம் எலும்புக்கூட்டுப் படை. எந்த ரூல்புக்கைத் திறந்தாலும் அதே காடு, அதே கோட்டை, வடக்கே அதே இருண்ட அரசன். சலித்துவிட்டது. யாரும் பார்த்திராத ஓர் உலகத்தில் நீண்ட கேம்பெயின் ஒன்றை, அதாவது வாரா வாரம் தொடரும் ஒரே போர்க்கதையை, நடத்த ஆசை. நானே எழுதத் தொடங்கி நாற்பது பக்கம் எழுதினேன். நண்பர்கள் யாரும் படிக்கவில்லை. புதிதாகப் படை வாங்க எங்களிடம் பணமும் இல்லை. எலும்புக்கூட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை, மாதம் இரண்டு முறை வந்தாலே பெரிது. விசித்திரமான களங்களை எங்கே தேடுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நாற்பது பக்கத்தையும் யாரும் படிக்கவில்லை என்று நீங்கள் எழுதிய வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மேசைப் போர் விளையாட்டுகளுக்குக் களம் எழுதுவதுதான் என் தொழில். ஆனால் என் முதல் கேம்பெயின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே முடிந்துபோனது. ஒன்பது அரசுகளுக்கு வம்சாவளி எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கொடி, ஒரு கடவுள், ஒரு பழம்பகை. முதல் நாள் எல்லாவற்றையும் வாசித்து முடித்ததும் ஒரு நண்பர் டைஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி. இப்ப நான் எதுக்காக அந்தப் பாலத்தைத் தாண்டணும்?" என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எந்தக் களத்தை எடுத்தாலும் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் தேடுகிறேன்.

உங்கள் சலிப்புக்கும் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆர்க்கும் குள்ளரும் உங்களைச் சலிப்பாக்கவில்லை. எந்த உலகத்துக்குப் போனாலும் மேசையில் செய்வது ஒன்றுதான்: இரண்டு பக்கமும் வரிசை கட்டி, நடுவில் மோதி, மிச்சம் இருப்பவரை எண்ணி வெற்றி சொல்வது. ஆர்க்குக்குப் பதில் பாம்பு மனிதரை நிறுத்தினாலும் இதையே செய்தால் நான்காவது வாரம் அதுவும் சலிக்கும். ஆகவே விசித்திரமான உயிர்களைத் தேடாதீர்கள். விசித்திரமான காரணத்தைத் தேடுங்கள். இவர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள், தோற்றவர் கையில் என்ன மிஞ்சுகிறது, நிலம் என்ன செய்கிறது என்ற மூன்றில் ஒன்றாவது பழக்கமில்லாததாக இருந்தால் பழைய பொம்மைகளே புதிதாக ஆடும்.

கையில் இருப்பதை வைத்தே புதிய உலகம் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1950களில் இங்கிலாந்தில் டோனி பாத் என்பவர், ராபர்ட் ஹோவர்ட் தம் கதைகளுக்காகக் கற்பனை செய்த ஹைபோரியா நிலப்படத்தை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு பல வருடங்கள் நீடித்த ஒரு கேம்பெயினை நடத்தினார். நிலப்படம் இரவல்தான். அவர் சேர்த்தது வேறு: சீட்டுக்கட்டிலிருந்து சீட்டு எடுத்து ஒவ்வொரு அரசனுக்கும் தளபதிக்கும் குணம் தீர்மானித்தார். பேராசைக்காரத் தளபதியை எல்லைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்ததும் அங்கே உலகம் உண்டாகிவிடுகிறது. இன்னொன்று, மேக்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் உருவாக்கிய டர்னிப்28 என்ற வார்கேம். நெப்போலியன் காலச் சீருடைகள், சேறு, மனித உடம்பெல்லாம் படர்ந்து முளைக்கும் கிழங்கு வேர்கள், அவ்வளவுதான். பழைய பிளாஸ்டிக் சிப்பாய்களும் கொஞ்சம் பசைக்களிமண்ணும் இருந்தால் ஆடிவிடலாம். உங்கள் பண நெருக்கடிக்கு இது நல்ல முன்மாதிரி.

இனி எங்கே தேடுவது. நான் முதலில் போவது பழைய நிலப்படங்களிடம். தவறான நிலப்படங்களிடம் என்றே சொல்லலாம்.

கெரார்டு மெர்கேட்டர் என்ற பெயரைப் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். உருண்டை உலகைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறை ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1569இல் அவர் வெளியிட்ட உலகப் படத்தின் ஓரத்தில் வட துருவத்துக்கென்று ஒரு சிறு வட்டம் உண்டு. அவர் இறந்த மறு வருடம், 1595இல், அதே துருவம் தனிப் பக்கமாகவே அச்சானது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், இன்றிரவே எடுத்துப் பாருங்கள். துருவத்தின் நடுவில் ஒரு கருமையான காந்தப் பாறை. அதைச் சுற்றி உள்கடல். அந்தக் கடலைச் சூழ்ந்து நான்கு பெரிய நிலங்கள். நிலங்களுக்கிடையே நான்கு கால்வாய்கள், நான்கும் உள்நோக்கியே பாய்கின்றன. வெளிக்கடலின் நீரெல்லாம் அவற்றின் வழியே உள்ளே விரைந்து, நடுவில் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. அப்படி ஓர் இடம் உலகில் இல்லை. ஆனால் தொலைந்துபோன ஒரு பயணக் குறிப்பின் சுருக்கத்தை நம்பி மெர்கேட்டர் இதை நேர்மையாகத்தான் வரைந்தார். நேர்மையாகச் செய்த தவறு என்பதால்தான் அது இவ்வளவு உறுதியோடு இருக்கிறது. நான் உட்கார்ந்து யோசித்தால் இப்படி ஒன்றை என்னால் உண்டாக்க முடியாது.

அந்தப் படத்தில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் படியுங்கள். ஒரு நிலத்தில், இங்கே நாலடி உயரக் குள்ளர்கள் வாழ்கிறார்கள் என்று குறித்திருக்கிறது. உங்கள் குள்ளர் படைக்கு நானூறு வருடத்துக்கு முன்பே இடம் ஒதுக்கியாயிற்று. ஒரு கால்வாய் குறுகலாகவும் வேகமாகவும் ஓடுவதால் ஒருபோதும் உறைவதில்லை என்றும், இன்னொன்று வருடத்தில் சுமார் மூன்று மாதம் உறைந்து கிடக்கும் என்றும் எழுதியிருக்கிறது. இந்த இரண்டு குறிப்பிலும் ஒரு கேம்பெயினே இருக்கிறது. பன்னிரண்டு வாரம் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒரு மாதம். அதில் மூன்று வாரம் மட்டும் இரண்டு நிலங்களுக்கு இடையே பனிப்பாலம் விழுகிறது. அந்த மூன்று வாரத்துக்காக ஒன்பது வாரம் எல்லோரும் தயாராவார்கள். நீங்கள் ஒரு பக்கம்கூட வரலாறு எழுத வேண்டாம்.

ரூல்ஸும் நிலத்திலிருந்தே வரும். நீர் உள்ளேதான் பாய்கிறது, ஆகவே நடுவை நோக்கிப் படகில் போகச் செலவில்லை, வெளியே வர இரட்டிப்பு உணவு வேண்டும். நடுவில் காந்தப் பாறை, ஆகவே உள்கடலோரம் நடக்கும் சண்டைகளில் ஒவ்வொரு ரவுண்டின் முடிவிலும் இரும்புக் கவசம் போட்ட வீரர்கள் ஓர் அங்குலம் பாறைப் பக்கம் இழுபடுகிறார்கள். உங்கள் மனிதப் படைக்காரர்கள் இருவரும் மூன்று வருடமாகக் கனத்த கவசத்தை நம்பியே ஆடிவருகிறார்கள் என்பது என் ஊகம். இந்த ஒரு விதியில் அவர்கள் திண்டாடிப்போவார்கள். தோலும் மரமும் வைத்திருக்கும் ஆர்க் முதல் தடவையாகப் பெரிய ஆளாவார். ஒரு பொம்மைகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பொருள் ஒன்றைப் பஞ்சமாக்குவது தனியாகவே ஒரு வழி. 1975இல் வெளிவந்த டெகுமெல் என்ற விளையாட்டு உலகம் அப்படித்தான் நிற்கிறது. அங்கே இரும்பு அரிது, கவசமும் வாளும் பதப்படுத்திய மிருகத் தோலில் செய்யப்படுகின்றன. அதை உருவாக்கிய எம்.ஏ.ஆர். பார்க்கர் அமெரிக்காவில் தெற்காசிய மொழிகளைக் கற்பித்த பேராசிரியர். அவரே வேறு பெயரில் யூத வெறுப்பு நாவல் ஒன்றை எழுதியவர் என்பதை அந்த உலகைப் பேணும் அறக்கட்டளை 2022இல் ஒப்புக்கொண்டது. அதை அறிந்துகொண்டு அந்த உலகத்துக்குள் போவதா வேண்டாமா என்று நீங்கள் ஐவரும் பேசி முடிவெடுங்கள். இரும்புப் பஞ்சம் என்ற யோசனை மட்டும் போதுமென்றால், அது யாருடைய சொத்தும் அல்ல.

இரண்டாவதாக நான் தேடுவது, போருக்கு வேறு இலக்கணம் வைத்திருந்த மக்களை. 15ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் மெஷிகர்களுக்கும் (அஸ்டெக் என்று நாம் அறிந்தவர்கள்) த்லாஷ்கலா போன்ற அண்டை நாடுகளுக்கும் நடந்த பூப்போர்களைப் பற்றிப் படியுங்கள். இடமும் நாளும் முன்பே பேசி வைத்துக்கொண்டு மோதுவார்கள். எதிரியைக் கொல்வதைவிட உயிரோடு பிடிப்பதற்குத்தான் மதிப்பு. எத்தனை பேரைப் பிடித்தான் என்பதை வைத்தே ஒரு வீரனின் உடையும் பதவியும் உயரும். உங்கள் மேசையில் ஒரே ஒரு வாரம், கொன்றால் புள்ளி இல்லை, பிடித்தால்தான் புள்ளி என்று வைத்துப் பாருங்கள். வில்லாளிகளுக்கு வேலையே இருக்காது.

ஆனால் நண்பரே, போரை இவ்வளவு நுணுக்கமாக வகை பிரித்த இலக்கணம் நம் கையிலேயே இருக்கிறது. பள்ளியில் பத்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிட்டோம். புறத்திணைகளைச் சொல்கிறேன். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. அதை மீட்பது கரந்தை. பகைவர் நாட்டின் மேல் படையெடுப்பது வஞ்சி. வருகிறவனை எதிர்த்து நிற்பது காஞ்சி. கோட்டையைக் காப்பது நொச்சி, வளைப்பது உழிஞை. இருபுறமும் களம் குறித்துப் பொருவது தும்பை. வென்றவன் சூடுவது வாகை. புறப்பொருள் வெண்பாமாலை இந்த வரிசையில் சொல்கிறது. தொல்காப்பியத்தில் கணக்கு சற்று மாறும். இதைத் தமிழ்ப்பாடமாகப் படிக்காமல் ஒரு கேம் டிசைனராகப் படித்துப் பாருங்கள். எட்டு சினாரியோ, அதாவது எட்டு வகை ஆட்டம், ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வரிசையில், இலச்சினைகளோடு சேர்த்துத் தயாராக இருக்கிறது. நாம் வழக்கமாக ஆடுவதெல்லாம் தும்பை ஒன்றை மட்டும்தான். மற்ற ஏழும் பெட்டியிலேயே கிடக்கின்றன.

நான் இதை ஆடும் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் பூ வரைந்த சீட்டுகள். வாரத் தொடக்கத்தில் மோதப்போகும் இருவரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். இருவரும் தும்பை வைத்தால் நேருக்கு நேர் போர். ஒருவர் வஞ்சி, மற்றவர் காஞ்சி என்றால் எல்லையில் தடுப்புச் சண்டை. ஒருவர் வெட்சியும் மற்றவர் நொச்சியும் வைத்துவிட்டால் எனக்கு மிகப் பிடிக்கும்: நொச்சி வைத்தவர் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார், வெளியே மாடு போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் அவர் கரந்தை சூடாமல் வேறு வழியில்லை. கதை தானாக எழுதிக்கொள்கிறது.

முதல் வெட்சி ஆட்டம் எனக்கு இன்றும் அப்படியே கண்ணில் நிற்கிறது. திருவிழாக் கடையில் வாங்கிய ஆறு பிளாஸ்டிக் மாடுகள், ஒன்றுக்குக் கொம்பு உடைந்திருந்தது. விதி இதுதான்: ஆள் ஆறு அங்குலத்துக்குள் வந்தால் மாடு அவனிடமிருந்து விலகி ஓடும். என் நண்பர் இருபது குதிரை வீரர்களை ஒரே பாய்ச்சலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆறு மாடும் மிரண்டு எதிரியின் பக்கமே ஓடிவிட்டன. அப்புறம் அவர் குதிரைகளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, மூன்று காலாட்களை மட்டும் சுற்றி வளைத்து மெல்ல மெல்ல நடத்தினார். மூன்று ரவுண்டு யாரும் யாரையும் அடிக்கவில்லை. மேசையைச் சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொம்பு உடைந்த மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை வருடம் ஆடியும் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

இந்த உலகத்தில் நடுகல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்களில் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்காக நட்டது. வெட்சி, கரந்தை எல்லாம் புலவர் கற்பனை மட்டுமல்ல, கல்லில் நிற்கும் செய்தி. மேசையில் இப்படி: பெயர் வைத்த வீரன் ஒருவன் விழுந்தால் அவன் விழுந்த இடத்தில் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைச் செங்குத்தாக ஒட்டி வையுங்கள். அந்த நிலத்தில் பிறகு எப்போது சண்டை நடந்தாலும் அந்தக் கல் அங்கேயே இருக்கும். அதற்கு ஆறு அங்குலத்துக்குள் நிற்கும் அவன் ஊர்க்காரர்கள், ஓடாமல் நிற்பார்களா என்று பார்க்கும் மனவுறுதி டைஸை இன்னொரு முறை உருட்டலாம்.

இதை அழகுக்காகச் சொல்லவில்லை. நீண்ட கேம்பெயின்கள் பெரும்பாலும் எப்படிச் சாகின்றன தெரியுமா? முதலில் ஜெயித்தவருக்குப் பணம் சேரும், படை பெருகும், மறுபடி ஜெயிப்பார். தோற்றவர் மூன்றாம் வாரம் ஏதாவது வேலை சொல்லிவிட்டு வரமாட்டார். நடுகல் இதைத் திருப்பிப் போடுகிறது. அதிகம் பேரை இழந்தவருக்குத்தான் அதிகம் கற்கள். அவருடைய சொந்த நிலம் வாரத்துக்கு வாரம் அவருக்குப் பலமாகிறது. எட்டாவது வாரத்தில் உங்கள் மேசையைப் பார்த்தாலே இதுவரை என்ன நடந்தது என்று தெரியும். நாற்பது பக்கத்தில் நீங்கள் சொல்ல நினைத்ததை அந்த ஓட்டுச் சில்லுகள் சொல்லிவிடும்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்வேன். பழைய போர் வழக்கங்களை எடுக்கலாம், வரைபடங்களை எடுக்கலாம். இன்றும் ஒரு ஊர் மக்கள் படையலிட்டுக் கும்பிடும் தெய்வத்தை, எத்தனை அடி தாங்கும் என்று ஹிட் பாயின்ட் போட்டு மேசையில் நிறுத்தாதீர்கள். கருப்பசாமி யாரோ ஒருவருக்குக் குலசாமி. மெக்சிகோவின் பழங்குடி மக்களும் இன்று வாழ்கிறவர்கள்தான். அவர்கள் போர் முறையிலிருந்து விதியை எடுங்கள், அவர்களை வேடிக்கை உருவங்களாக்காதீர்கள். மேசையில் புதிதாக ஒருவர் வந்து உட்காரும்போது அவர் முகம் சுருங்கக்கூடாது.

உங்கள் நாற்பது பக்கத்தைத் தூக்கி எறியாதீர்கள். அதிலிருந்து வாரம் ஒரு வரி எடுத்து, சண்டை தொடங்கும் முன் ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியாகப் படியுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பெரிய கணக்கும் போடாதீர்கள்: ஆளுக்குப் பத்து மினியேச்சர், ஆறுக்கு நாலு அடி மேசை, முதலில் ஆறே வாரம் என்று தொடங்குங்கள். வெட்சியையும் மெர்கேட்டரின் துருவத்தையும் ஒரே கேம்பெயினில் கலக்கவும் வேண்டாம், இரண்டும் தனித்தனியே பெரிய உலகங்கள். என்னைக் கேட்டால் முதலில் வெட்சி. துருவத்தை அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்ளுங்கள், குள்ளர் படைக்காரரிடம் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள், சந்தோஷப்படுவார்.

கடைசியாக, ஷிஃப்ட் வேலை பார்க்கும் எலும்புக்கூட்டு நண்பர். கடிதம் முழுவதிலும் எனக்கு அவர்மேல்தான் நினைப்பு. அவருக்கு நாடு கொடுத்தால் அவர் வராத வாரமெல்லாம் அந்த நாடு பறிபோகும். நாடு வேண்டாம், பசியைக் கொடுங்கள். 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் காளியின் பேய்கள் பசியால் வாடிக் கிடக்கின்றன. யார் வெல்கிறார் என்பது அவற்றுக்குப் பொருட்டே இல்லை, போர் நடக்க வேண்டும், அவ்வளவுதான். போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் காய்ச்சி, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கருவுற்ற பேய்க்கும் பார்த்துப் பார்த்து வார்க்கின்றன. உங்கள் நண்பரின் எலும்புகள் அந்தப் பேய்கள். எந்தப் பக்கம் யார் செத்தாலும் அவருக்கு ஒரு அகப்பை. அவர் வரும் நாளில் எந்தச் சண்டைக்குள்ளும் புகுந்து, தோற்கும் பக்கத்துக்குக் கொஞ்சம் உதவி, போரை நீட்டிக்கலாம். வராத நாளில் மேசை ஓரத்தில் ஒரு வெறும் பானையை வையுங்கள். அன்று விழும் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு அரிசியை அதில் போடுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து அடுத்த முறை வரும்போது அவரே எண்ணட்டும்.